வலப்பக்கம் விழுந்தால் சரி

ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோட்டில் வழிகிற அத்தனை ஜனத்திலும், தப்பு என்ற ஒன்றைச் செய்யவே முடியாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனியில் இருந்தார். நல்லவர் என்பதால் இதைச் சொல்லவில்லை. நல்லவர்கள் எங்கள் கேன்டீனிலேயே நாலைந்து பேர் உண்டு. அவர்கள் தடுக்கி விழுந்ததையெல்லாம் நான் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன். இவர் கதை வேறு. எது நல்லது, எது கெட்டது என்று முடிவு செய்யும் வேலையையே இவர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. மொத்தமாகச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்குப் பிறகு தப்பு நடந்தால் அது சாமி கணக்கு.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை. கேட் செக்யூரிட்டி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் ‘உத்தரவு’தான். அவரே போனை எடுத்தால், “ஹலோ, உத்தரவு பேசறேன்” என்பார். கம்பெனிக்குப் புதிதாக வந்தவர்கள் பயந்துபோய் எழுந்து நிற்பார்கள்.

பெயருக்குக் காரணம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவர் ஊர்க் குன்றின் மேல் இருக்கும் முனியப்பசாமி. அங்கே பூ உத்தரவு கேட்கும் வழக்கம் உண்டு. பூசாரி சாமியின் இரண்டு தோளிலும் ஈரமான சாமந்தி இதழை ஒட்டிவைப்பார். நாம் மனதில் இருப்பதைச் சத்தமாகக் கேட்க வேண்டும். வலப்பக்க இதழ் விழுந்தால் ‘செய்’. இடப்பக்கம் விழுந்தால் ‘செய்யாதே’. இரண்டும் விழாவிட்டால் சாமி யோசிக்கிறது, காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது போன்ற பெரிய விஷயங்களுக்கு இப்படிக் கேட்பார்கள். உத்தரவு எல்லாவற்றுக்கும் கேட்டார்.

ஒருமுறை மூன்று நாள் லீவு எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘சாமி உத்தரவு’ என்று போட்டிருந்தார். மேனேஜர் திருநெல்வேலிக்காரர், சட்டென்று சூடாகிற மனுஷர். “என்னய்யா இது, எல்லாரும் இப்படி எழுதுனா நான் கம்பெனியை மூடிட்டுப் போவேண்டியதுதான். ஆதாரம் வச்சுக் கொண்டா” என்று கடிதத்தைத் திருப்பி எறிந்தார். உத்தரவு மறுநாள் அதே கடிதத்தில் வாடிய சாமந்தி இதழ் ஒன்றை ஊசியால் குத்திக் கொண்டுவந்து நீட்டினார். “வலப்பக்கம் விழுந்தது சார்.” மேனேஜர் இதழைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மத்திகிரியில் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கு நான் அடிக்கடி களி சாப்பிடப் போவேன். ஒருநாள் அவர், “இவளக் கட்டலாமான்னு கேட்டேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள பொத்துனு வலப்பக்கம் விழுந்துச்சு” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அண்ணி கீரையைப் பரிமாறிக்கொண்டே என்னிடம் மெல்லச் சொன்னார்: “நானும் போயிக் கேட்டேங்க. எனக்கு எடப்பக்கம் விழுந்துச்சு. ஆளு பாக்க நல்லாயிருந்தாரு, அதனால யாருகிட்டயும் சொல்லல.” அந்த வீட்டில் அத்தனை வருஷம் சண்டை என்று ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

சாமியின் உத்தரவுகளில் இரண்டு வகை உண்டு என்பார். “பொய் சொல்லாத, அடுத்தவன் பொருளத் தொடாத, பாக்காம கையெழுத்துப் போடாத. இதெல்லாம் பெர்மனென்ட் உத்தரவு. மீதியெல்லாம் கான்ட்ராக்ட். அப்பப்ப போயிப் புதுப்பிச்சுக்கோணும்.” நானே அப்போது நாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தவன். சாமியிடம்கூட அந்தப் பிரிவினை இருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

நாங்கள் இருவரும் கேஜ் ரூமில் வேலை பார்த்தோம். கம்பெனியில் கார் பிரேக்குக்கான சிலிண்டர் தயாராகும். சிலிண்டரின் உள்துளை முடியளவு பெரிதானாலும் பிரேக் ஆயில் கசியும். அந்தத் துளையை அளக்கும் கருவிதான் கேஜ். அந்தக் கேஜ்களைச் சரிபார்த்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. இரும்பு சூட்டில் விரியும் என்பதால் அந்த அறையில் எப்போதும் ஏசி ஓடும். அங்கே பீரோவின் மேல் உத்தரவு ஒரு முனியப்பசாமி படம் வைத்திருந்தார். சின்ன விஷயங்களுக்கெல்லாம் தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏற முடியாதல்லவா? படத்தின் இரண்டு பக்கமும் இதழை ஒட்டி, டீ குடிக்கலாமா, ஓவர்டைம் பார்க்கலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்வார். சாமி எதற்கும் மறுத்ததே இல்லை.

ஒருநாள் ஏசி மெக்கானிக் வந்து சர்வீஸ் செய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சாமி பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது. டீ கூடாது. ஓவர்டைம் கூடாது. பக்கத்து டிபார்ட்மென்ட் பிறந்தநாள் கேக் கூட வேண்டாம். நாலு நாளில் உத்தரவு பாதியாக இளைத்துவிட்டார். நான் மெல்ல எழுந்து பார்த்தேன். ஏசியின் காற்றுத் தடுப்பை மெக்கானிக் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். முன்பு காற்று வலப்பக்க இதழில் அடித்தது, இப்போது இடப்பக்க இதழில் அடிக்கிறது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டூல் மேல் ஏறி நின்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் அமைதியாகச் சொன்னார்:

“அது சரிப்பா. அந்த மெக்கானிக் கையை அந்தப் பக்கம் திருப்புனது யாரு?”

நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. படித்ததும் கேட்டதும் சேர்ந்து, பூ போட்டுத்தான் யோக்கியனாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு உண்டு. அதை ஒருநாள் கேன்டீனில் பத்துப் பேர் முன்னால் கேட்டேவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

“ஏம்ப்பா, பீஸு சரியா இருக்குதுன்னு யாரு சொல்றது?”

“கேஜ்.”

“கேஜ் சரின்னு?”

“மாஸ்டர் ரிங்.” இது வளையல் அளவில் இருக்கும் ஓர் எஃகு வளையம். தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் கேஜ்களை அதில் வைத்துத்தான் அளவு நிறுத்துவோம்.

“மாஸ்டர் சரின்னு?”

“பெங்களூரு லேப்ல சர்டிபிகேட் தர்றாங்கண்ணா.”

“பெங்களூரு சரின்னு?”

“டெல்லி.”

“டெல்லி சரின்னு?”

“வெளிநாட்டுல எங்கயோ ஒண்ணு வெச்சிருக்காங்களாம்.”

“அது சரின்னு?”

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். உத்தரவு மேஜையைச் சுற்றிப் பார்த்தார். “பாத்தீங்களா? எங்கயாச்சும் ஒரு எடத்துல போயி, ‘இது சொன்னா சரி’ன்னு நின்னுதான் ஆவோணும். நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். டெல்லிக்கெல்லாம் அலையல.”

மேஜையே கைதட்டியது. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. “சரிண்ணா. நாளைக்கு உங்க சாமி, ‘கேன்டீன் வாசல்ல படுத்திருக்கற நாயை ஓங்கி ஒதை’ன்னு உத்தரவு குடுத்தா?”

“குடுக்காது.”

“குடுத்தா?”

“குடுக்காதுப்பா. அது நல்ல சாமி.”

“நல்ல சாமின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நாயை ஒதைக்கறது தப்புன்னு முன்னாடியே உங்களுக்குத் தெரியுது. அதை வெச்சு நீங்கதான் சாமியையே அளந்து பாத்துப் பாஸ் போடறீங்க. அப்ப யாரு யாருக்கு மாஸ்டர்?”

உத்தரவின் கை தட்டில் நின்றது. “சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளு” என்றார். அவர் பேச்சை மாற்றியது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க நான் கம்பெனியில் தரையில் நடக்கவில்லை.

அந்த வாரத்துச் சனிக்கிழமைதான் மாஸ்டர் ரிங்கைக் கீழே போட்டேன்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். டீ வந்துவிட்டதா என்று திரும்பினேன், முழங்கை பட்டது, ரிங் தரையில் விழுந்து உருண்டு சுவரில் போய் முட்டியது. மாஸ்டர் கீழே விழுந்தால் சிவப்புச் சீட்டு கட்டி, மேனேஜரிடம் சொல்லி, பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அது விதி. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேசாமல் பெட்டியில் வைத்து மூடினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெர்மனென்ட் ஆகிறவர்கள் பட்டியல் வருவதாக இருந்தது. அதில் என் பெயர் இருப்பதாக மேனேஜரே சொல்லியிருந்தார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. அந்த நேரத்தில் விதியாவது ஒன்றாவது.

திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாள் சிலிண்டர்கள் அந்த ரிங்கை நம்பித் தயாராகி அட்டைப்பெட்டிகளில் ஏறின. வியாழக்கிழமை காலை லாரி. புதன்கிழமை மதியம் உத்தரவு சும்மா இருக்காமல் ஒரு சிலிண்டரைக் கையில் எடுத்து, உள்ளே ஓடும் பிஸ்டனை அதில் விட்டுப் பார்த்தார். காற்று தாங்குவதால் அது தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். இது தொபுக்கென்று உள்ளே போனது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் தொபுக். கேஜை வைத்து அளந்தார். ஓகே என்றது. கேஜை மாஸ்டரில் வைத்துப் பார்த்தார். அதுவும் ஓகே. இன்னொரு மாஸ்டர் சர்டிபிகேட்டுக்காகப் பெங்களூருக்குப் போயிருந்தது.

“மாஸ்டர் சரிங்குது. கை இல்லங்குது” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “மாஸ்டர் சொன்னா சரிதானேண்ணா? நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க?”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமாக இல்லை. “மாஸ்டரையே சந்தேகப்படறது பெரிய விசயம். நானா முடிவு பண்ணக் கூடாது. ஷிப்ட் முடிஞ்சதும் சாமிகிட்டப் போயிக் கேட்டுக்கறேன்” என்றார். அவரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு என்னால் வீட்டில் உட்கார முடியாது. “வண்டியில கூட்டிட்டுப் போறேண்ணா” என்றேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். ராகிக் கொல்லைகளில் யானைக் காவலுக்கு மரத்தில் பரண் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருட்டினால் அந்தக் குன்றுப் பக்கம் யானை வரும் என்பதால் பூசாரி ஐந்து மணிக்கே நடையைச் சாத்திவிடுவார். நாங்கள் போனபோது சாவியைக் கையில் எடுத்துவிட்டார். மறுபடி உள்ளே போய் இதழ்களை ஒட்டினார். உத்தரவு கைகூப்பி, “அப்பா, மாஸ்டர் சரிங்குது, கை இல்லங்குது. இந்த லாட்டை லாரியில ஏத்தாம நிறுத்தலாமா?” என்று கேட்டார். நான் பின்னால் நின்று அந்த வலப்பக்க இதழையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

இடப்பக்க இதழ் விழுந்தது.

“எடகடெ கொட்டாரப்பா. பேட” என்றார் பூசாரி கன்னடத்தில். இடப்பக்கம் கொடுத்துவிட்டார், வேண்டாம் என்று அர்த்தம். என் கைகள் தானாகக் குவிந்தன. கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். ஒரு நாத்திகன் அவ்வளவு பக்தியோடு அந்தக் குன்றில் நின்றது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

திரும்பி வரும்போது மத்திகிரிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் உத்தரவு நிறுத்தச் சொன்னார். டீ வாங்கி இரண்டு மிடறு குடித்ததும், “வண்டிய கம்பெனிக்கு உடு. லாட்டை நிறுத்தோணும்” என்றார்.

“அண்ணா! சாமி வேண்டாம்னு சொல்லிருச்சே! என் கண்ணால பாத்தேனே!”

“சாமி சொன்னது சரிதான்ப்பா. நான் கேட்டதுதான் தப்பு.” டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். “ரோட்டுல ஒரு கொழந்தை வண்டிக்குக் குறுக்க ஓடுது. பிரேக்கைப் புடிக்கலாமா சாமின்னு பூ ஒட்டிக் கேட்டா அது என்ன பண்ணும்? வலப்பக்கம் போட்டா, நான் இனிமே இதுக்கெல்லாமும் வந்து நிப்பேன். அதான் எடப்பக்கம் தள்ளி உட்டு, ‘போடா, தெரிஞ்சத வந்து கேக்காத’ன்னு தொரத்திருச்சு.”

இதில் பத்து ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. என் கேன்டீன் கேள்விக்கு அவர் பதில் சொன்னாரா, இல்லை என் கட்சிக்கே வந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் டீயை முடித்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்டரை யாரோ கீழ போட்டிருக்காங்க. யாருன்னு நான் சாமிகிட்டக் கேக்கல. கேட்டாச் சொல்லிரும்.” பிறகு என் தோளில் கையை வைத்தார். “எனக்காச்சும் ஒண்ணு புரியலைன்னா போயி நிக்க ஒரு எடம் இருக்குது. திட்டறதுக்கு ஒரு ஆளு இருக்குது. உனக்கு அதுவும் கெடையாது. எல்லாத்தையும் ஒண்டியாவே முடிவு பண்ணோணும். பாவம்ப்பா நீ.”

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே இரக்கப்பட்டார். திட்டியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நடுரோட்டில், டீக்கடைக்காரர் பார்க்க, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “நான்தாண்ணா போட்டேன். சனிக்கிழமை. லிஸ்ட் வர்ற நேரம்னு சொல்லாம இருந்துட்டேன்” என்றேன்.

“டீயக் குடி, ஆறுது. அப்பறம் போலாம்” என்றார்.

மேனேஜர் அறையில் நானே சொன்னேன். அவர் எழுந்து நின்று கத்திய கத்தலில் அடுத்த பிளாக்கில் மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். “பிரேக்குய்யா! இது பிரேக்கு! நாலு நாளா வாயில என்ன வச்சிருந்த? நாளையிலருந்து நீ வரவேண்டாம்” என்று கேட்டைக் காட்டினார். எனக்கு வீட்டில் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அப்போது உத்தரவு முன்னால் வந்தார்.

“கீழ போட்டது இவன்தான் சார். ஆனா பிஸ்டனை உட்டுப் பாத்து, அளவு தப்பா இருக்குதுன்னு மொதல்ல கண்டுபுடிச்சதும் இவன்தான். ‘வாங்கண்ணா, லாரி போறதுக்குள்ள நிறுத்தலாம்’னு என்னை இழுத்துக்கிட்டு வந்ததே இவன்தான்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் உத்தரவைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஓர் அசைவு இல்லை. மேனேஜருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், உத்தரவு பொய் சொல்ல மாட்டார். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். லாரி நின்றது. மூன்று நாள் சிலிண்டர்களை மறுபடி அளந்ததில் கணிசமானவை குப்பைக்குப் போயின. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆனால் வேலை போகவில்லை. அடுத்த வருஷப் பட்டியலில் பெயர் வந்தது.

அன்று அறையை விட்டு வெளியே வந்ததும், “அண்ணா, பொய் சொல்லாதங்கறது பெர்மனென்ட் உத்தரவாச்சே. இதுக்கு எப்ப உத்தரவு வாங்கினீங்க?” என்று கேட்டேன்.

“வாங்கல.”

“ஏன்?”

“கேட்டா எடப்பக்கம்தான் விழும். அதான் கேக்கல” என்றார். சொல்லிவிட்டுச் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்துபோய்விட்டார். அடுத்த மூன்று திங்கட்கிழமை அந்தப் பொய்க்காகச் சாப்பிடாமல் இருந்தார் என்று அண்ணி பிறகு சொன்னார்.

இப்போது நான் கிருஷ்ணகிரிப் பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். நாலு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு உண்டு. கடவுள் விஷயத்தில் என் கட்சி இன்னும் மாறவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை உத்தரவுக்குப் போன் செய்தேன். “என்னப்பா, ஏதாச்சும் பிரச்சினையா?” என்றார். “ஒண்ணுமில்லண்ணா, சும்மாதான் கூப்பிட்டேன்” என்றேன். அது பொய். எத்தனையோ பேருடன் வேலை பார்த்துவிட்டேன், எனக்கு அந்த மனிதரைப்போல வேறு யாரையும் பிடித்ததில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஊரில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.